போலோன்யாவிலிருந்து புளோரன்சுக்கு மூன்று தண்டவாளங்கள்

இது சற்று நீளமான பதிவு. வேலை இருப்பவர்கள் எடுத்து வைத்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை படித்துக்கொள்ளுங்கள்.

இந்த ஆண்டு கோடை விடுமுறைக்கு நம் பழைய மாணவர்கள் சிலரும் உறவில் ஒரு குடும்பமும் இத்தாலிக்குக் கிளம்புகிறார்கள். என் மகள் போலோன்யா நகரில் ஆராய்ச்சிப் படிப்பு படித்தபோது நான் அங்கே மூன்று மாதம் தங்கியிருந்தேன். அந்த ஒரு தகுதியை வைத்து எல்லாரும் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். "ஊர் விட்டு ஊர் போக அதிவேக ரயிலில் டிக்கெட் போடவா, சாதா ரயில் போதுமா?"

ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம்தான். ஆனால் முப்பது வருடத்துக்கு மேல் சமூக அறிவியல் எடுத்தவரிடம் கேட்டால் ஒரு வரியோடு முடியுமா? உட்கார்ந்து கேளுங்கள்.

முதலில் வண்டி வகைகள். ஃப்ரெச்சாரோஸ்ஸா என்பது அரசு ரயில் நிறுவனத்தின் அதிவேக வண்டி. பெயருக்குச் 'சிவப்பு அம்பு' என்று பொருள். அதற்குப் போட்டியாக 2012 முதல் இத்தாலோ என்ற தனியார் வண்டியும் ஓடுகிறது. இரண்டும் மணிக்கு 300 கி.மீ. வரை போகும். அடுத்தது ரெஜியோனாலே. நம் ஊர்ப் பாசஞ்சர் போல, வழியிலுள்ள சிற்றூர்களில் நின்று நின்று போகும். இரண்டுக்கும் நடுவில் இன்டர்சிட்டி என்று ஒன்று உண்டு. இப்போதைக்கு அதை விட்டுவிடுவோம்.

போலோன்யாவுக்கும் புளோரன்சுக்கும் நடுவே அப்பெனைன் மலைத்தொடர் நிற்கிறது. இத்தாலியின் முதுகெலும்பு என்று வகுப்பில் சொல்லியிருப்பேன். இந்த மலையைத் தாண்ட மூன்று ரயில் பாதைகள் இருக்கின்றன. ஒன்று 1864-இல் திறந்தது, அடுத்தது 1934-இல், மூன்றாவது 2009-இல். மூன்றிலும் இன்றும் வண்டி ஓடுகிறது. ஒவ்வொன்றும் அது திறந்த காலத்தில் 'வேகப் பாதை' என்ற பெயரோடுதான் வந்தது. இன்றைய மெது வண்டி நேற்றைய வேக வண்டி ஓடிய தண்டவாளத்தில்தான் போகிறது. ஆகவே எந்த வண்டி என்று கேட்பவர் எந்த நூற்றாண்டு என்றும் சேர்த்துத்தான் கேட்கிறார்.

முதல் பாதைக்குப் பொர்ரெத்தானா என்று பெயர். திட்டம் போட்ட 1851-இல் இத்தாலி என்று ஒரு நாடே கிடையாது. போலோன்யா போப்பாண்டவரின் ஆட்சியில் இருந்தது. புளோரன்ஸ் டஸ்கனி என்ற தனி நாட்டின் தலைநகர். வடக்கே ஆஸ்திரியாவின் ஆதிக்கம். இந்த அரசுகளெல்லாம் சேர்ந்து ஒப்பந்தம் போட்டன. வேலை நடந்துகொண்டிருக்கும்போதே அரசுகள் கவிழ்ந்து 1861-இல் இத்தாலி ஒரே நாடானது. எல்லை தாண்டும் ரயில் என்று தொடங்கியது உள்நாட்டு ரயிலாக முடிந்தது. பாதை முழுவதும் திறந்தது 1864 நவம்பரில். அடுத்த ஆண்டே தலைநகரம் தூரினிலிருந்து புளோரன்சுக்கு மாறியது. புதிய தலைநகரை வடக்கோடு இணைத்தது இந்த ஒற்றைத் தண்டவாளம்தான்.

கட்டியவர் ழான் லூயி புரோட்ஷ் என்ற பிரெஞ்சுப் பொறியாளர். அந்தக் காலத்தில் நீளமான சுரங்கம் குடைவது பெரும்பாடு. டைனமைட்டுக்கே நோபல் காப்புரிமை பெற்றது 1867-இல்தான். அதனால் அவர் மலையைக் குடைவதைக் குறைத்துக்கொண்டு, ஆற்றுப் பள்ளத்தாக்கைப் பிடித்து வளைந்து வளைந்து ஏறினார். போலோன்யாவிலிருந்து பிஸ்தோயா வரை 99 கி.மீ.; அதில் சிறிதும் பெரிதுமாக 47 சுரங்கங்கள், 35 பாலங்கள். உச்சியில் இருக்கும் பிராக்கியா நிலையம் கடல் மட்டத்திலிருந்து 600 மீட்டருக்கு மேலே. சாய்வு ஆயிரத்துக்கு 26. அதாவது ஒரு கிலோமீட்டர் போனால் 26 மீட்டர் ஏறியாக வேண்டும். நடந்து போகிற நமக்கு இது ஒன்றுமில்லை. இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் ஏறுவதற்கு இது செங்குத்து மாதிரி.

நிலக்கரி எஞ்சின் முழு மூச்சாக இழுத்துக்கொண்டு சுரங்கத்துக்குள் நுழைந்தால் என்ன ஆகும்? புகை வெளியேற வழியில்லை. எஞ்சினில் நிற்கிற ஓட்டுநரும் கரி அள்ளிப் போடுபவரும் மூச்சு முட்டி மயங்கிவிழும் ஆபத்து இருந்தது. இதற்காகவே மார்கோ சக்கார்தோ என்ற பொறியாளர் 1890-களில் பிராக்கியாச் சுரங்கத்தின் வாயில் பெரிய காற்றாடி வைத்து உள்ளே காற்றைத் தள்ளும் ஏற்பாடு செய்தார். பிறகு மற்ற நாடுகளின் நீண்ட சுரங்கங்களுக்கும் அந்த முறை போனது. 1927-இல் பாதைக்கு மின்சாரம் வந்தபின்தான் அந்தப் புகைத் தொல்லை ஒழிந்தது.

பயணிகள் பெருகப் பெருக ஒற்றைப் பாதை திணறியது. நேராகவும் தாழ்வாகவும் இரட்டைப் பாதை போட முடிவு செய்தார்கள். அதன் பெயரே திரெத்திஸ்ஸிமா, 'மிக நேரானது'. கணக்கு எளிது. உயரம் ஏறக்கூடாது என்றால் மலையின் அடியிலேயே குடைய வேண்டும். அடியில் குடைந்தால் சுரங்கம் நீளும். அப்படி வந்ததுதான் 18.5 கி.மீ. நீளமுள்ள அப்பெனைன் பெருஞ்சுரங்கம். திறந்தபோது இரட்டைத் தண்டவாளம் உள்ள சுரங்கங்களில் உலகிலேயே நீளமானது அதுதான். சாய்வு ஆயிரத்துக்கு 12 ஆகக் குறைந்தது. போலோன்யா - புளோரன்ஸ் தூரமும் ஏறக்குறைய 130 கி.மீ.யிலிருந்து 97 கி.மீ.க்கு இறங்கியது.

1934 ஏப்ரல் 22-இல் மன்னர் மூன்றாம் விக்டர் இம்மானுவேல் திறந்து வைத்தார். அப்போது முசோலினி ஆட்சி. 'முசோலினி காலத்தில் ரயில் நேரத்துக்கு ஓடியது' என்று இன்றும் சிலர் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். நம் ஊர் டீக்கடையிலேயே நான் கேட்டிருக்கிறேன். இந்தப் பாதையை அதற்குச் சாட்சியாகக் காட்டுவார்கள். ஆனால் திட்டம் அவருக்கு முந்தியது. வேலை தொடங்கியது 1913-இல். அவர் பதவிக்கு வந்தது 1922-இல். முந்தைய அரசுகள் தொடங்கி வைத்ததற்கு நாடா வெட்டிப் பெயர் வாங்கிக்கொள்வது எல்லா நாட்டிலும் நடப்பதுதான்.

பெயர் வாங்காதவர்கள் உள்ளே குடைந்தவர்கள். இரு முனையிலிருந்தும் குடைந்தது போதாமல், நடுவில் கா தி லாந்தினோ என்ற மலைக் கிராமத்தில் சாய்வாக இரண்டு குழிகளை இறக்கி, அங்கிருந்தும் இரு பக்கமும் குடைந்தார்கள். நிலத்தடி நீர் பீறிட்டது. மீத்தேன் வாயு கசிந்து தீப்பிடித்தது. விபத்தில் செத்தவர்கள் போக, கல்தூசி நுரையீரலில் படிந்து பின்னாளில் மெல்ல மெல்லச் செத்தவர்களும் பலர். அந்தக் குழி இருந்த இடத்துக்கு நேர் கீழே, சுரங்கத்தின் நடுவில், ஒரு ரயில் நிலையமே கட்டினார்கள். பெயர் பிரெச்சதென்ஸே. வேக வண்டிக்கு வழிவிட்டு மெது வண்டி ஒதுங்கி நிற்கும் இடம். பாசஞ்சரில் உட்கார்ந்து எக்ஸ்பிரஸ் கடந்து போவதற்காகக் காத்துக்கிடந்த அனுபவம் நமக்கெல்லாம் உண்டு. அதையே மலைக்கு அடியில், இருட்டில் நினைத்துப் பாருங்கள். அங்கிருந்து மேலே கிராமத்துக்கு 1,800-க்கும் அதிகமான படிகள்!

1939 ஜூலையில் ஈ.டி.ஆர் 200 என்ற மின்சார ரயில் இந்தப் பாதை வழியாகப் புளோரன்சிலிருந்து மிலான் வரை சராசரி 165 கி.மீ. வேகத்தில் ஓடி உலகத்தை வியக்க வைத்தது. உச்ச வேகம் 200 கி.மீ.யைத் தாண்டியது. நம் நாட்டில் பல வண்டிகள் இன்னும் அந்த வேகத்தைக் கனவு காண்கின்றன. அதே பாதையில்தான் இப்போது சாதா ரெஜியோனாலேயும் சரக்கு வண்டியும் போகின்றன.

வேகம் காட்டிய ஐந்தே ஆண்டில் இரண்டு பாதைகளும் கிடையில் விழுந்தன. 1944-இல் பின்வாங்கிய ஜெர்மானியப் படை பாலங்களையும் சுரங்கங்களையும் வெடிவைத்துத் தகர்த்தது. இந்த மலைத்தொடரில்தான் 'காத்திக் அரண்' என்ற கடைசித் தடுப்பு வரிசையை அவர்கள் அமைத்திருந்தார்கள். அதை உடைத்த நேச நாட்டுப் படைகளில் இந்திய டிவிஷன்கள் மூன்று இருந்தன. மெட்ராஸ் சாப்பர்ஸ் எனப்படும் நம் சென்னை மாகாணப் பொறியியல் படைப் பிரிவுகளும் இத்தாலியில் பாலம் கட்டவும் கண்ணி எடுக்கவும் பாடுபட்டன. போலோன்யாவிலிருந்து ரிமினி போகும் வழியில் ஃபோர்லி என்ற ஊர் இருக்கிறது. அங்கே இந்திய வீரர்களுக்கென்றே ஒரு போர்க் கல்லறைத் தோட்டமும், எரியூட்டப்பட்டவர்களுக்கு ஒரு நினைவுச் சின்னமும் உள்ளன. நான் போன அன்று எங்களைத் தவிர ஒருவரும் இல்லை. புல்லை மட்டும் மிக அழகாக வெட்டி வைத்திருந்தார்கள்.

இனி மூன்றாவது பாதை. 2009 டிசம்பரில் திறந்தது. 78.5 கி.மீ. நீளம். அதில் 73 கி.மீ. சுரங்கம்! வாசித்துவிட்டு எண்ணைத் தவறாகப் போட்டுவிட்டேன் என்று நினைக்காதீர்கள். நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் பூமிக்கடியில். போலோன்யா - புளோரன்ஸ் 37 நிமிடம். நான் சன்னலோரம் உட்கார்ந்து போனேன். கண்ணாடியில் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன். நடுவில் பளிச்சென்று ஒரு துண்டு வானம், ஒரு துண்டுப் பச்சை, மறுபடி இருட்டு. அவ்வளவுதான் அப்பெனைன் மலை.

இந்த 37 நிமிடத்துக்கு விலை கொடுத்தது முஜெல்லோ என்ற பள்ளத்தாக்கு. சுரங்கம் குடையும்போது மலைக்குள் இருந்த நீரோட்டம் அறுந்து சுரங்கத்துக்குள் வடிந்துவிட்டது. மேலே ஊற்றுகள் வற்றின, ஓடைகள் காய்ந்தன, கிணறுகள் வறண்டன. வழக்கு ஆண்டுக்கணக்கில் நடந்தது. அங்கே விவசாயம் செய்பவர்களை நினைக்கும்போது எனக்கு நம் ஊர் ஏரிதான் கண்முன் வந்தது. வண்டியில் போகிறவர் யாருக்கும் இது தெரியாது. டிக்கெட்டில் அந்தக் கணக்கு வராது.

இவ்வளவும் சொன்னதால் வாத்தியார் வேக வண்டிக்கு எதிரி என்று முடிவு கட்டாதீர்கள். 'மெது வண்டியில் போனால்தான் உண்மையான நாட்டைப் பார்க்கலாம்' என்று பயணக் கட்டுரைக்காரர்கள் எழுதுவது எனக்கு உவப்பில்லை. உண்மையான நாடு இரண்டு வண்டியிலும் இருக்கிறது. வேக வண்டியில் மடிக்கணினியைத் தட்டிக்கொண்டு அலுவலகம் போகிறவரும் இத்தாலியர்தான். மேலும் திரெத்திஸ்ஸிமாவிலும் பாதிக்குச் சற்றுக் குறைவான தூரம் சுரங்கமே. அந்தப் பெருஞ்சுரங்கத்துக்குள் 18 கி.மீ. இருட்டில் போகும்போது சன்னலோரச் சீட்டும் நடுச் சீட்டும் ஒன்றுதான். மலையை மலையாகப் பார்க்க வேண்டுமென்றால் 1864-இன் பொர்ரெத்தானாவுக்குத்தான் போக வேண்டும். அதற்கு ஒரு பகல் முழுவதும் ஒதுக்க வேண்டும், பொர்ரெத்தா தெர்மே என்ற வெந்நீர் ஊற்று ஊரில் வண்டி மாற வேண்டும்.

மெது வண்டி பற்றி நான் சொல்ல வேண்டிய இன்னொன்று உண்டு. எழுதக் கை தயங்குகிறது, ஆனாலும் வரலாறு என்று சொல்லிவிட்டு இதை விட்டுவிட முடியாது.

1970-களிலும் 80-களிலும் இத்தாலியில் குண்டுவெடிப்புகளின் காலம். 1974 ஆகஸ்ட் 4 நள்ளிரவு தாண்டி, ரோமிலிருந்து மியூனிக் போன இத்தாலிக்குஸ் எக்ஸ்பிரஸ் பெருஞ்சுரங்கத்தை விட்டு வெளியேறும்போது, சான் பெனதெத்தோ நிலையத்தருகே குண்டு வெடித்து 12 பேர் இறந்தார்கள். 1984 டிசம்பர் 23-இல், கிறிஸ்துமசுக்குப் போகிறவர்கள் நிறைந்திருந்த நேப்பிள்ஸ் - மிலான் வண்டியில் அதே சுரங்கத்துக்குள்ளேயே வெடித்தது. 15 பேருக்கு மேல் மாண்டார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில், 1980 ஆகஸ்ட் 2, சனிக்கிழமை. கோடை விடுமுறைக் கூட்டம். காலை 10.25-க்குப் போலோன்யா நிலையத்தின் இரண்டாம் வகுப்புக் காத்திருப்பு அறையில் ஒரு பெட்டி வெடித்தது. 85 பேர் இறந்தார்கள். 200 பேருக்கு மேல் காயம். புதிய பாசிசக் குழுவைச் சேர்ந்தவர்கள் பின்னர் தண்டனை பெற்றார்கள்.

ஆம்புலன்ஸ் போதவில்லை. 37-ஆம் எண் நகரப் பேருந்தை நிறுத்தி, சன்னல்களில் வெள்ளைத் துணி கட்டி, உடல்களை ஏற்றிப் போனார்கள். ஊர் மக்கள், டாக்ஸி ஓட்டுநர்கள், ரயில்வேக்காரர்கள் வெறுங்கையால் இடிபாடுகளை அள்ளினார்கள். இன்று அந்தக் காத்திருப்பு அறை மறுபடி காத்திருப்பு அறையாகவே இருக்கிறது. சுவரில் பிளந்த இடத்தை அப்படியே விட்டுக் கண்ணாடி பொருத்தியிருக்கிறார்கள். தரையில் குழி விழுந்த இடமும் தெரிகிறது. இறந்தவர்களின் பெயரும் வயதும் பளிங்கில் பொறித்திருக்கிறது. மூன்று வயதுக் குழந்தை ஒன்று, எண்பது தாண்டிய முதியவர் ஒருவர். நான் அந்த வயதுகளை மேலிருந்து கீழே வாசித்தேன். 14, 20, 24 என்று வருகிறபோது, எனக்கு வருகைப் பதிவேடு நினைவுக்கு வந்துவிட்டது. முழுவதும் வாசித்து முடிக்கவில்லை. பக்கத்து நாற்காலியில் ஒரு மாணவி காதில் பாட்டு மாட்டிக்கொண்டு வண்டிக்குக் காத்திருந்தாள். அதுவும் சரிதான் என்று பட்டது.

வெளியே நிலையத்தின் முகப்பில் ஒரு கடிகாரம் 10.25-ஐயே காட்டி நிற்கிறது. ஒவ்வோர் ஆகஸ்ட் 2-ஆம் தேதியும் ஊரே அங்கே கூடி ஒரு நிமிடம் மௌனமாக நிற்கும்.

இப்போது கேள்விக்கு வருகிறேன். 2013 முதல் அதிவேக வண்டிகளுக்காகப் போலோன்யா நிலையத்தின் அடியில் தனி நிலையம் இருக்கிறது. 20 மீட்டருக்கும் கீழே, 16 முதல் 19 வரை நடைமேடைகள். அங்கே ஒரு அம்பிலிருந்து இன்னொரு அம்புக்கு மாறுகிறவர் கடிகாரத்தையும் பார்ப்பதில்லை, அந்த அறையையும் பார்ப்பதில்லை. 37 நிமிடத்துக்குள் ஓர் ஊரின் தலைக்கு அடியில் புகுந்து ஒரு மலையின் காலுக்கு அடியில் வெளியேறிவிடுகிறார்.

ஆகவே என் யோசனை. ரோம் - புளோரன்ஸ், புளோரன்ஸ் - வெனிஸ், ரோம் - மிலான் என்று நீண்ட தூரம் போகும்போது, அதுவும் பெட்டி படுக்கையோடும் குழந்தைகளோடும் முழங்கால் வலிக்காரர்களோடும் போகும்போது, யோசிக்காமல் வேக வண்டி. மிலான் - ரோம் மூன்று மணி நேரத்தைச் சுற்றித்தான். அந்த டிக்கெட் விமானம் மாதிரி: முன்கூட்டியே போட்டால் மலிவு, கடைசி நாளில் பல மடங்கு. சீட்டும் வண்டியும் குறித்ததுதான், மலிவு டிக்கெட்டை மாற்றுவதும் கடினம்.

போலோன்யா - புளோரன்சுக்கு மட்டும் ஒரு வழியாவது ரெஜியோனாலே. ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும்; பெரும்பாலும் பிராட்டோவில் மாற வேண்டும். கட்டணம் தூரக் கணக்கு. ஒரு மாதம் முன்பு வாங்கினாலும் வண்டி கிளம்பப் பத்து நிமிடம் முன்பு வாங்கினாலும் ஒரே விலை. சீட்டு எண் கிடையாது, இருக்கிற இடத்தில் உட்காரலாம். சான் பெனதெத்தோவில் வண்டி நிற்கும்போது வெளியே பாருங்கள். புளோரன்ஸ் பக்கமிருந்து வந்தால் பெருஞ்சுரங்கத்தை விட்டு வெளிச்சத்துக்கு வரும் இடம் அதுதான். ஃபோர்லிக்கும் ரெஜியோனாலே போகும். கல்லறைத் தோட்டத்துக்கு நிலையத்திலிருந்து டாக்ஸி பிடித்துக்கொள்ளுங்கள், பூ வாங்கிப் போங்கள்.

முக்கியமான ஒன்று. ரெஜியோனாலேக்குக் காகித டிக்கெட் வாங்கினால், ஏறுவதற்கு முன் நடைமேடையருகே இருக்கும் சின்ன இயந்திரத்தில் நுழைத்துத் தேதி நேரம் அச்சடித்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் டிக்கெட் கையில் இருந்தாலும் அபராதம். கைபேசி டிக்கெட் என்றால் ஏறுவதற்கு முன் அதிலேயே 'செக்-இன்' அழுத்த வேண்டும். பரிசோதகர்கள் கண்டிப்பானவர்கள். சுற்றுலாப் பயணி, தெரியாது என்றெல்லாம் சொன்னால் எடுபடாது.

பொர்ரெத்தானாவுக்கு ஒரு பகல் ஒதுக்க யாருக்காவது மனம் இருந்தால் கீழே எழுதுங்கள். எந்தப் பக்கச் சன்னலில் உட்கார வேண்டும் என்று மகளிடம் கேட்டுச் சொல்கிறேன். அவள்தான் அந்தப் பாதையில் நான்கைந்து முறை போனவள்.